நான்காம் தாத்தாவின் தொண்டை

ஏழு தலைமுறை அப்பன்மார் பெயரைத் தடுமாறாமல் சொல்லத் தெரியாதவனுக்குக் கசாக்குகள் பெண் கொடுக்க மாட்டார்கள். அந்த ஏழுக்குள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு ஆள் வந்துவிட்டாலும் கல்யாணம் கிடையாது. அவர்கள் அண்ணன் தங்கை. எனக்கு என் கொள்ளுத்தாத்தாவின் பெயரே தெரியாது. அருவாக் பெட்டி வியாபாரத்துக்கு அதுவே பெரிய தகுதி என்று கசாக் நாட்டுச் சிம்கென்ட் ஊர்க் கடைவீதியில் முடிவு கட்டியிருந்தார்கள். இவனுக்கு வம்சமே இல்லை, யார் பக்கம் சாயப்போகிறான்?

விருதுநகரில் வத்தல் மல்லி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. மருத்துவம் படித்துவிட்டு வா என்று என்னை இந்த நாட்டுக்கு அனுப்பினார்கள். முதல் பிணத்தைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன், இரண்டாவதற்கும் விழுந்தேன். செத்தவர்களை அறுக்கத்தான் கை வரவில்லை, பேசவைக்க வந்தது. தங்கப்பழம் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் தங்கபெக் ஆயிற்று. அவர்கள் கசாக்கில் பேசியதை இங்கே எங்கள் ஊர்த் தமிழில் எழுதுகிறேன். வேறு தமிழ் எனக்கு வராது.

அருவாக் என்றால் செத்துப்போன முன்னோரின் ஆவி. பெட்டி ஒரு ரைஸ் குக்கர் அளவுதான் இருக்கும். வீட்டு ஆண் ஒருவரின் ஒரு சொட்டு எச்சிலைக் கொடுத்தால், அதற்குள் இருக்கும் ஏழு அப்பன்மாரையும் ஒவ்வொருவராகக் கணக்குப்போட்டுக் கட்டி, ஒருவருக்கு ஒரு கார்டு வீதம் அவரவர் குரலில் பேசவைக்கும். எண்ணிக்கை வீட்டுப் பிள்ளைகளின் அப்பாவிலிருந்து தொடங்கும், அவர் உயிரோடு இருந்தாலும் முதல் குரல் அவருடையதுதான். கேட்டால் ஆசீர்வாதம் சொல்லும், கேள்விக்குப் பதிலும் சொல்லும். அவர்கள் அதைப் பேய் என்றார்கள், கம்பெனிக்காரர்கள் கணிப்பு என்றார்கள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெட்டிகளையும் கடையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவேன். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் அனுப்புவது எங்கள் வீட்டில் பாவம். அந்த வாரம் கம்பளி வியாபாரி பெக்தூரின் மகள் மர்ஜானுக்கும், குதிரைப் பண்ணைக்காரர் ஒராசாலியின் மகன் சன்ஜாருக்கும் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்குப் புதிதாகச் செய்த பெட்டியைப் போட்டேன். முதல் மூன்று அப்பன்மார் பேசி முடித்து, நான்காவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். மணலில் வாளி உரசுவது போன்ற தொண்டை. முன்பல் இடுக்கு வழியாக ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விசில்.

பெக்தூர் உள்ளே வந்தார்.

"ஏம்பா தங்கபெக், எங்க ஆள எதுக்குத் தொந்தரவு பண்ற? அவரு வெள்ளிக்கு வெள்ளிதானே எங்க வீட்டுல பேசுவாரு."

"வாங்க அகா, சும்மா ஓட்டிப் பாத்தேன்." அகா என்றால் அண்ணாச்சி.

"ஓட்டு, ஓட்டு." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அவர் வீட்டுப் பெட்டி துணி சுற்றியபடி அவர் மடியில் இருந்தது. ஓட்டிப் பார்க்க அப்போதுதான் கொண்டுவந்திருக்கிறார்.

பெட்டி விசிலடித்துக்கொண்டே பேசியது. நான் நிறுத்தினேன், கொஞ்சம் தாமதமாக.

"இது சாம்பிள் குரல், அகா. கம்பெனிக்காரன் போட்டுக் குடுக்கிறது."

"பொய் சொன்னா கேக்கறவன் நம்புற மாதிரி சொல்லணும். கம்பளி யாவாரிகிட்ட பஞ்சைக் காட்டி ஆட்டுமுடிங்கிறியே. யாரோட பெட்டி அது?"

"மாப்பிள்ளை வீட்டோடது."

அவர் மடியிலிருந்த பெட்டியின் துணியை இழுத்து முடிந்தார். பிறகு சாயா வேண்டும் என்றார். கொடுத்தேன்.

"அண்ணன் தம்பியா இருந்தா இப்படி ஒரே குரல் வருமில்ல?" என்றார். அவர் குரலில் ஆசை இருந்தது.

"சாயல் வரும் அகா, இப்படி அச்சா வராது. அப்பன்கிட்டருந்து ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு சரடு அப்படியே இறங்கும். பெட்டி அதைப் புடிச்சுக்கிட்டு மேல ஏறும். நாட்டுல இருக்கிற அத்தனை பேரு கணக்கும் அதுக்குள்ள கிடக்கு. தாடை இப்படி, பல்லு இப்படின்னு ஆளைக் கட்டும். ரெண்டு வீட்டுச் சரடும் ஒரே ஆள்ல போய் முட்டினாத்தான் ஒரே தொண்டையக் குடுக்கும்."

"பேரு? அவங்க நாலாவது ஆளு பேரு வேறயாச்சே."

"பேரு பெட்டிக்குத் தெரியாது. நாமதான் டைப் அடிக்கிறோம்."

பெக்தூர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் கதையை அவர் சொன்ன அளவிலேயே சொல்கிறேன், அவரும் அதிகம் சொல்லவில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய பெரும் பஞ்சத்தில், மந்தையெல்லாம் போன பிறகு, அந்த விசில் தொண்டைக்காரர் இரண்டு பையன்களோடு தென்திசைக்கு நடந்திருக்கிறார். இரண்டு பேரையும் தூக்கத் தெம்பில்லை. சின்னவனை ஒரு கிணற்றடியில் உட்காரவைத்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, பெரியவன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். பெரியவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெரியவன்தான் பெக்தூரின் தாத்தா.

"எங்க வீட்டுல பனிக்காலத்துக்குக் குதிரை அடிச்சா சின்னவன் பங்குன்னு ஒரு துண்டு எடுத்து வைப்போம். வசந்தம் வரைக்கும் யாரும் வரலைன்னா வழிப்போக்கனுக்குக் குடுத்துருவோம். எங்க தாத்தா வச்சாரு, எங்கப்பா வச்சாரு, நானும் வைக்கேன். நூறு வருஷமாத் தேடின ஆளு இந்த வாரமா கிடைக்கணும்?"

"அகா, ஞாயித்துக்கிழமை நிச்சயம்."

"அது எனக்குத் தெரியாதா? அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. பெட்டியில எதையும் மாத்தவும் கூடாது."

"மர்ஜான்கிட்ட?"

"அவகிட்ட மட்டும் நீயே சொல்லிரு. எனக்கு வாய் வராது. அவ மிருக டாக்டர்தானே, ரத்தம்னா பயப்பட மாட்டா."

மறுநாள் மதியம் கடைவீதிச் சாயாக்கடைக்கு மர்ஜான் வந்தாள். எங்கேயோ குதிரைகளுக்கு ஊசி போட்டுவிட்டு வந்திருந்தாள், பூட்ஸில் சாணி. சன்ஜாரையும் அவள் ஊசி போடப் போன இடத்தில்தான் பார்த்தாள். பெட்டைக்குதிரை ஒன்று அவளை எட்டி உதைத்தது, அவன் சிரித்தான், அவள் அவனைத் திட்டினாள். அதற்குமேல் எந்த ஊரிலும் நடப்பதுதான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"பொதுவா ஒரு ஆளு, அதுவும் நாலாவது மட்டத்துல. குதிரையா இருந்தா யோசிக்கவே மாட்டேன்," என்றாள். "பிறக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் என்ன?"

"நான் குதிரை இல்லையே, அகா." கரண்டியை வைத்தாள். "உங்க ஊருல சொந்தத்துலயே கட்டுவீங்களாமே? நெசமா?"

"நானே அத்தை மகளைத்தான் கட்டியிருக்கேன்."

அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினாள். அந்த நிலைமையிலும் தள்ளினாள்.

"உங்கப்பா கூடப் பிறந்தவ மகளையா?"

"அது முறைப்பொண்ணு. சித்தப்பா மக, பெரியப்பா மகதான் தங்கச்சி. அதைத் தொடவே மாட்டோம். அது பங்காளி வகை."

"ரெண்டும் ஒரே தூரம்தானே?"

"தூரத்துல என்ன இருக்கு? வகைதான் முக்கியம்."

"பைத்தியக்கார ஊரு."

"ஏழு தலைமுறை தள்ளி இருக்கறவளைக்கூடத் தங்கச்சிங்கிற ஊரு மட்டும் தெளிஞ்ச ஊராக்கும்?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "உங்க வகைப்படி நானும் சன்ஜாரும் என்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். "அப்பன் வழிதானே, மர்ஜான். எங்க ஊரிலயும் நீங்க பங்காளிங்கதான்."

கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு கேட்டாள்: "நாலாவது குரலை மட்டும் மாத்தி வைக்க முடியுமா? வேற தொண்டை ஏதாவது?"

"ரெண்டு நிமிஷ வேலை. ஆனா உங்கப்பா ஏற்கெனவே கேட்டுட்டாரு. மாத்தாதேன்னு சொல்லிட்டும் போயிருக்காரு."

அவள் முகத்தில் நிறம் மாறியது. அதுவரை அவளுக்கு ரத்தம்தான் பிரச்சினையாக இருந்தது. இப்போது அப்பா.

"அவரு வேண்டாம்னா நான் சன்ஜாரோட ஓட மாட்டேன்," என்றாள். "அது அவருக்கும் தெரியும். அதான் பயமா இருக்கு. அவருக்குச் சின்னவன்னா என்னன்னு எனக்குத் தெரியும், அகா. சின்னவன் கிடைச்சதுல இருக்கிற சந்தோஷம் நான் பிறந்தப்பகூட அவருக்கு இருந்திருக்காது."

"சன்ஜாருக்குச் சொல்லப் போறியா?"

"நான் அதைச் சொன்னா, அவன் பாடம் மாதிரி ஒப்பிக்கிற ஏழு பேருல மூணு பேருதான் அவனுக்கு மிச்சம். நாளைக்கு என்னைக் கட்டறானோ இல்லையோ, அதை எதுக்கு நான் எடுக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை பெக்தூர் வீட்டில் நாலு அறைக்கும் ஆள் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் இறங்கும்போதே மிட்டாயும் சில்லறையும் தலைக்குமேல் பறந்தன. நடுவில் பெரிய விரிப்பு. ஒரு மூலையில், மூடிவைத்த தட்டில், ஈரலும் ஆட்டுவால் கொழுப்பும். இரண்டு அப்பன்மாரும் அதை ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் வானம் இடிந்தாலும் மாற்ற முடியாது. ஊட்டாத வரை எதுவும் நடக்கலாம்.

சன்ஜார் எழுந்து ஏழு பெயரையும் சொன்னான். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான், அவன் சின்னம்மாக்கள் வாய்க்குள் கூடவே சொன்னார்கள். ஒராசாலி மீசையைத் தடவிக்கொண்டார். அவர் தம் குலத்துச் சங்கத்துக்குத் தலைவர், பெரிய குரல்காரர், அந்த வீட்டில் அன்று இருந்த கனமான ஆள் அவர்தான். பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியை ஓட்டினேன். ஏழு பேரும் ஆசீர்வாதம் சொன்னார்கள், எல்லாரும் உள்ளங்கையை விரித்து முகத்தில் தடவிக்கொண்டார்கள். பிறகு பெண்வீட்டுப் பெட்டி.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது ஆள் வாயைத் திறந்ததும், மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியில் கேட்ட அதே விசில்.

அறையில் கரண்டி ஓசை நின்றது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சன்ஜார் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மர்ஜானைப் பார்த்தான். அவள் சாயாக் கிண்ணங்களோடு கதவருகே நின்றாள்.

பெக்தூர் பெட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, சாவகாசமாக எழுந்தார். "எல்லாரும் சாயா குடிங்க. குதா, வாங்க, உங்களுக்கு ஒரு குதிரை காட்டணும்." குதா என்றால் சம்பந்தி. "நீயும் வா தங்கபெக். நீ தரகன்தானே."

கொல்லையில் ஒரு குதிரையும் இல்லை. பனி மட்டும் இருந்தது. இருவரும் மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்களைப்போல நெருங்கி நின்று, உதடு அசையாமல் பேசினார்கள்.

பெக்தூர் பஞ்சத்தையும் கிணற்றையும் சொன்னார். சின்னவனைச் சொன்னார். "உங்க தாத்தா எங்க ஆளு, குதா. நீயும் நானும் பங்காளி."

ஒருவனிடம் உன் தாத்தா தெருவில் கிடந்த பிள்ளை என்று சொன்னால், அவன் முதலில் என்ன சாட்சி என்று கேட்பான். ஒராசாலி அதைக் கேட்கவில்லை.

"என் தாத்தா ஜுமாலி எங்க ஆளு," என்றார். "எங்க பால் குடிச்சான், எங்க குதிரையில வளர்ந்தான், எங்க மண்ணுல கிடக்கான். விட்டுட்டுப் போனவனுக்கு அவன் எப்படிப் பிள்ளையாவான்?"

"ரத்தம் சொல்லுதே."

"ரத்தம் ஆயிரம் சொல்லும். சரி, யாவாரத்துக்கு வா. அவன் உன் ஆளுன்னு சபையில சொல்லு, எடுத்துக்கோ. அப்ப உன் மக என் மகனுக்குத் தங்கச்சி. நாங்க வண்டியேறிப் போறோம். இல்ல, அவன் என் ஆளுன்னு சொல்லு. அப்ப உன் மக எனக்கு மருமக. ரெண்டும் சேத்துத் தர மாட்டேன்."

"செத்தவனை ஒரு தட்டுலயும் என் மகளை ஒரு தட்டுலயும் வச்சுத் தராசு புடிக்கிறியே, குதா."

"தராசு என்னோடது இல்ல. இந்த இந்தியாக்காரனோடது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பனியைப் பார்த்தேன்.

பெக்தூர் பேரம் பேசிப் பார்த்தார். பெயரை வெளியே சொல்ல வேண்டாம், நமக்குள் இருக்கட்டும் என்றார். வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கல்லறைக்கு வந்து கும்பிட விடு என்றார். அதுவும் இல்லையென்றால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. ஒராசாலி ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. நாற்பது வருஷமாகக் கடைவீதியில் பெக்தூர் கேட்ட விலைக்குக் கீழே யாரும் அவரை இறக்கியதில்லை. அன்று இறங்கிக்கொண்டே இருந்தார், வாங்க ஆளில்லை.

உள்ளே போனோம். அறை முழுவதும் எங்கள் முகத்தைப் படித்தது. பெக்தூர் தன் இடத்தில் உட்கார்ந்தார். மூடிவைத்த தட்டைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "ஏண்டா தங்கபெக், எங்க பெட்டிக் கார்டைத் தூக்கி அவங்க பெட்டியில போட்டுட்டியா?"

அருவாக் வியாபாரத்தில் அதைவிடக் கேவலமான குற்றம் இல்லை. ஒரு வீட்டு முன்னோரை இன்னொரு வீட்டில் உட்காரவைப்பது. அதை ஒப்புக்கொண்டவன் கடையில் அப்புறம் யார் பெட்டி வாங்குவார்கள்? எங்கப்பா உயிரோடு இருந்திருந்தால், எந்த விலைக்கும் சரக்கைக் குறை சொல்லாதே என்றிருப்பார்.

"ஆமா அகா," என்றேன். "நாலாவது கார்டு மாறிப்போச்சு. தப்பு என்னோடதுதான்."

அறை மூச்சுவிட்டது. அப்புறம் திட்டு. குடிகாரன் என்றார்கள், கிழட்டு மாமா ஒருவர் ஒரு எலும்பைத் தூக்கி எறிந்தார். குறி சுத்தமாக இருந்தது. பெக்தூர் தட்டைத் திறந்து, ஈரலையும் கொழுப்பையும் சேர்த்து எடுத்து, ஒராசாலியின் வாயில் ஊட்டினார். "ஜுமாலியோட பேரனுக்கு," என்றார். "உங்க ஜுமாலியோட பேரனுக்கு." ஒராசாலி மென்றார். விழுங்க அதிக நேரம் ஆயிற்று. பிறகு அவரும் பெக்தூருக்கு ஊட்டினார்.

மர்ஜான் என் கிண்ணத்தில் சாயாவை விளிம்பு வழியும்வரை ஊற்றினாள். அங்கே பாதிக் கிண்ணம் ஊற்றினால் இரு என்று அர்த்தம். முழுக் கிண்ணம் என்றால் கிளம்பு. அடுத்த எலும்பு வருவதற்குள் கிளம்பினேன்.

அடுத்த வாரம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பெக்தூர் தன் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ரிப்பேர் என்று ஆள் சொன்னான். என்ன ரிப்பேர் என்று நானும் கேட்கவில்லை. அவர் கடை எதிர்ச்சாரியில்தான். காலையில் என்னைப் பார்த்தால் கம்பளங்களை உதறத் தொடங்கிவிடுவார்.

ஒரு நாள் காலை ஒராசாலி வந்தார். தனியாக. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பெக்தூரோட பெட்டி இங்கதானே இருக்கு? நாலாவது ஆளைப் போடு."

"உங்க பெட்டியிலயும் அவருதானே, அகா."

"அது தப்பான கார்டுன்னு ஊரறிய ஒத்துக்கிட்டியேடா. அதை நான் என் வீட்டுல எப்படிப் போட்டுக் கேக்கிறது?"

நியாயமாகத்தான் இருந்தது. பெட்டியை எடுத்துத் துடைத்தேன்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "எங்க தாத்தா சாகக் கிடக்கையில மூணு நாளா 'அண்ணே, அண்ணே'ன்னு கூப்பிட்டாரு. எங்க கணக்குல அவருதான் மூத்த பிள்ளை, அவருக்கு ஏது அண்ணன்? தண்ணியக் கொண்டுபோனா வேண்டாம்னு தள்ளிட்டு, 'அப்பா கொண்டாரேன்னு போயிருக்காரு'ன்னாரு. எங்கப்பா கதவைச் சாத்தச் சொன்னாரு. நாங்க எல்லாரும் சாத்தின கதவுக்கு இந்தப் பக்கம்தான் வளர்ந்தோம்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு..."

"பையன் அவளை விட்டா இருக்க மாட்டான். நான் ஒத்துக்கிட்டா ரெண்டு குலத்துப் பெரியவங்களும் சேர்ந்து கல்யாணத்தை அறுத்துருவாங்க. யாராவது ஒருத்தன் பொய் சொல்லணும். என்னால முடியலை. பெக்தூரு சொன்னான்." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "நல்ல யாவாரி. முழுசா நட்டப்பட்டும் முகத்துல காட்டலை. சரி, போடு."

போட்டேன். மணலில் வாளி உரசியது.

"யாரு பிள்ளைப்பா நீ?" என்றது நான்காவது குரல், விசிலோடு. அந்த நாட்டுப் பெரியவர்கள் புது ஆளிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

ஒராசாலி எழுந்து நின்றார். அவ்வளவு பெரிய மனிதர், சந்தோஷச் செய்தி கொண்டு வாசலுக்கு ஓடிவரும் பையனைப்போலக் கத்தினார்: "சுயின்ஷி! சுயின்ஷி!"

நல்ல சேதி கொண்டுவருகிறவன் சேதிக்கு முன்னால் கூவும் சொல் அது. சேதிக்குப் பரிசு கொடு என்று அர்த்தம். கேட்கிறவர் என்ன சேதி என்று தெரிவதற்கு முன்பே, வேண்டியதை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து ஆள் எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். பெட்டியும் சொன்னது.

"வேண்டியதை எடுத்துக்கோ, மகனே. என்ன சேதி?"

"உங்க சின்னவன் பொழைச்சிட்டான், அய்யா. யாரோ கிணத்துக்குத் தண்ணி எடுக்க வந்தவங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. நல்லா வளர்ந்தான். குதிரை வச்சிருந்தான். பல்லுப் போற வரைக்கும் இருந்தான்."

பெட்டியில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் ஓடியது. பதில் தேடுகிறது என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் பட்டது, அநேகமாக.

"எடுத்துக்கோ," என்றது குரல் மறுபடியும். "ஏன் நிக்கிறே? உனக்கு என்ன வேணுமோ எங்க வீட்டுலருந்து எடுத்துக்கோ."

ஒராசாலி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"போன ஞாயித்துக்கிழமையே எடுத்துக்கிட்டேன், அய்யா," என்றார்.